முதல் மாலை

பதுளை, கடைவீதி
1911 நவம்பர் 12

தங்கை பரிமளத்துக்கு அண்ணன் சடையப்பன் எழுதுவது.

உன் உடம்பும், மாப்பிள்ளை சாமிக்கண்ணுவின் உடம்பும், குழந்தை சந்திரகாந்தியின் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று முதலில் எழுது. என் முழங்கால் வலி போன வருஷம் இருந்தபடியே இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டாம். கேட்பதால் குறையப்போவதில்லை.

இந்த ஊர்க் கடைக்காரர்கள் கூடி நடத்தும் தைப்பூச விழாவில் ஒரு பாட்டுக் கச்சேரி வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறேன். நம் பக்கத்துப் பாடகர் ஒருவர் பிடில்காரரோடு கொழும்பில் வந்து தங்கியிருக்கிறார். அழைத்தால் வருகிறேன் என்கிறார். போன வாரக் கூட்டத்தில் இதை எடுத்தேன். ஜவுளிக்கடை ராமநாதன் எழுந்து, "கருவாட்டுக் கடைக்காரருக்குக் கச்சேரியைப் பத்தி என்னங்க தெரியும்? கூத்துன்னு நெனச்சுட்டாரு போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். மிளகாய் கட்டிக் கொடுக்கும் பத்திரிகைக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அதனால் ராகம் என் காதில் ஏறாது என்று யார் சொன்னது? "உங்க விழா உங்களோட இருக்கட்டும். நான் மடுல்சீமையில கச்சேரி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். "அங்க யாரு கேக்கப்போறா? அட்டையா?" என்றார் ராமநாதன். மறுபடி சிரித்தார்கள்.

மடுல்சீமைத் தோட்டத்து மக்கள் பதினெட்டு வருஷமாக என் கடை மிளகாயையும் உப்பையும் தின்கிறார்கள். அவர்கள் காதுக்கும் ஏதாவது போகட்டும். கூனக்கல் தோட்டத்துப் பெரிய கங்காணி ஆண்டியப்பன் ஒப்புக்கொண்டார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை தருவதாகத் துரையும் சொல்லிவிட்டார்.

பாடகரின் மிருதங்கக்காரர் காய்ச்சலோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆகவே மாப்பிள்ளையை அனுப்பி வை. தோலைத் தட்டிப் பிழைக்கிறவனுக்கா பெண் கொடுப்பது என்று உன் கல்யாணத்தில் நான் கேட்டது உண்மைதான். கேட்டதை இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் வாசித்து நான் கேட்டதும் இல்லை. ஆனாலும் நம் வீட்டு ஆள்.

ஊர்ப்பக்கம் காலரா என்பதால், தனியாக வருகிறவனைக் கப்பலேற்ற ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். தோட்டக் கூலி என்று காட்டும் எண் தகரம் கழுத்தில் இருந்தால் கேள்வி இல்லை. நோய் இருக்கிறதா என்று பார்க்கும் முகாமில் சில நாள் வைத்திருந்து அனுப்பிவிடுவார்கள். கங்காணியிடம் ஒரு தகரம் கேட்டிருக்கிறேன்.

மறுதபாலில் பதில் வேண்டும்.

அண்ணன்
சடையப்பன்

*

முசிறி
1911 டிசம்பர் 3

அண்ணன் அவர்களுக்குப் பரிமளம் வணங்கி எழுதுகிறேன்.

இங்கே மூவரும் சுகம். சந்திரகாந்திக்குப் பல் விழுந்து முளைக்கிறது. உங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை.

கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். தோலைத் தட்டிப் பிழைக்கிறவன் என்ற வரியைத் தாண்டிப் படிக்கப் பார்த்தேன். "அதையும் படி, நேர்ல சொன்னதுதானே" என்று சிரித்தார். பிறகு, "மச்சான் வாயைத் தொறந்து என்கிட்ட ஒண்ணு கேக்குறாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். ஒப்புக்கொண்டுவிட்டார்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. தகரம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தெருவிலிருந்து தகரம் கட்டிக்கொண்டு போனவர்கள் ஏழு பேர். ஒருவர்கூட நினைத்த நாளில் திரும்பவில்லை. அவர் கூலிக்குப் போகவில்லை, வாசிக்கப் போகிறார். காலரா ஓயட்டும், மெதுவாக நடக்கட்டும் உங்கள் கச்சேரி என்று எழுதத் தோன்றுகிறது. நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

பங்குனித் திருவிழாவில் இங்கே அவருக்கு வாசிக்கும் முறை இருக்கிறது. அவர் அப்பா காலத்திலிருந்து வருகிற முறை. ஒரு வருஷம் தவறினால் பங்காளி எடுத்துக்கொள்வார். ஆகவே மாசி முடிவதற்குள் அவர் இங்கே வந்துவிட வேண்டும். இதற்கு மட்டும் நீங்கள் எனக்கு வாக்குத் தர வேண்டும்.

தங்கை
பரிமளம்

*

பதுளை
1911 டிசம்பர் 20

பரிமளத்துக்கு,

எல்லாரும் சுகம் என்று அறிந்தேன். இங்கே மழை விடவில்லை. அரிசி மூட்டைகூட ஈரம் கோத்துப் போகிறது.

இத்துடன் தகரம் இருக்கிறது. நடுவில் ஓட்டை, சுற்றி எண். கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ளட்டும். பண்டாரவளையில் ரயில் இறங்கும்வரை, கூனக்கல் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று சொன்னால் போதும். தோட்டத்தில் பெயர் பதிவார்கள். கச்சேரி முடிந்த மறுநாள் அந்தப் பெயரை வெட்டிவிடுவதாகக் கங்காணி என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார்.

மாசிக்குள் அனுப்புவேன். நான் சொன்ன சொல் மாறியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

சடையப்பன்

*

பதுளை
1912 பெப்ரவரி 12

பரிமளத்துக்கு,

நீயும் குழந்தையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சளி. கச்சேரி போன வாரம், பெப்ரவரி நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நடந்ததை முழுக்க எழுதுகிறேன். இந்த ஊரில் கேட்பதற்கு ஆள் இல்லை.

பசறைக்கு மேலே பாதை சரிந்து கிடந்தது. பக்கத்துக் கடை பாறூக் நானா கொடுத்த மாட்டுவண்டி அங்கே நின்றுவிட்டது. பாடகரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் சுமந்தார்கள். பிடில்காரர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அட்டைக்குப் பயந்து குதித்துக் குதித்து நடந்தார். ஜமுக்காளத்தை நான் சுமந்தேன்.

மாப்பிள்ளை இரண்டு வாரம் முன்பே தோட்டத்துக்கு வந்துவிட்டார். முகாமில் கூலியாட்களின் மூட்டைகளை நோய்க்காக ஆவியில் வைப்பார்களாம். இவர் மூட்டையும் உள்ளே போய்விட்டது, மிருதங்கத்தோடு. வலது கை படும் வலந்தலைத் தோல் வெந்து பிளந்துவிட்டது. "உள்ள மிருதங்கம் இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றேன். "கூலின்னுதானே மச்சான் சொல்லச் சொன்னீங்க. கூலிக்கு ஏது மிருதங்கம்?" என்றார். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் தப்புப் பறை கட்டுகிற பெரியவர் ஒருவருடன் இரண்டு ஞாயிறும் உட்கார்ந்து புதுத்தோல் போட்டிருக்கிறார். பனியில் அது தொய்ந்துபோகும் என்று கரி அடுப்பை மேடைக்குப் பக்கத்திலேயே வைத்தோம்.

அறுநூறு பேர் இருப்பார்கள். பகல் இரண்டு மணிக்குப் பாடகர் தொடங்கினார். முதல் பாட்டு முடிவதற்குள் மழை பிடித்தது. மடுவத்துக்குத் தகரக் கூரை. பாடகரின் வாய் திறந்து மூடுவது தெரிகிறது, பாட்டுக் கேட்கவில்லை. பிடில் வில் போய் வருகிறது, சத்தம் இல்லை. எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

யாரும் எழுந்து போகவில்லை. எல்லாரும் மாப்பிள்ளையின் கையைப் பார்க்கத் தொடங்கினார்கள். விரல் ஓடுவதைப் பார்த்தே தாளம் பிடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் தொடையில் தட்டினாள், பிறகு பக்கத்தில், பிறகு அறுநூறு பேரும். மழை கொஞ்சம் குறைந்தபோது தாளம் மட்டும் மடுவம் முழுக்கக் கேட்டது. பாடகரே பாட்டை நிறுத்திவிட்டு அவருக்கு வழி விட்டார். ஒரு மணி நேரம் தனியாக வாசித்தார். பரிமளம், உன் கல்யாணத்தில் நான் சொன்னதை அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எழுதமாட்டேன்.

முடிந்ததும் மரியாதை. மூன்று மாலை கொண்டு போயிருந்தேன். கங்காணி கோட்டும் தலைப்பாகையும் வெள்ளிப்பூண் பிரம்புமாக முன்னால் வந்து நின்றார். முதல் மாலை தனக்கு என்று தலையைக் கொஞ்சம் குனிந்துகூடக் கொடுத்தார். நான் அவரைத் தாண்டிப் போய், முதல் மாலையை மாப்பிள்ளை கழுத்தில் போட்டேன். ஜனங்கள் போட்ட கூச்சலில் மழைச் சத்தமே கேட்கவில்லை. இரண்டாவது பாடகருக்கு. மூன்றாவது மாலையை நீட்டியபோது கங்காணி அங்கே இல்லை.

ராமநாதன் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை தோட்டத்தில்தான் இருக்கிறார். கொஞ்ச நாள் ஆகும்.

சடையப்பன்

*

முசிறி
1912 பெப்ரவரி 28

அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சளி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சந்திரகாந்திக்கு நான்கு தடவை படித்துக் காட்டினேன். அவர் விரலைப் பார்த்துத் தாளம் பிடித்தார்கள் என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி படி என்கிறாள். எனக்கும் அந்த இடம் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் கடைசி வரி எனக்குப் புரியவில்லை. கச்சேரி முடிந்த மறுநாள் பெயரை வெட்டுவதாகச் சொன்னார்களே? ஏன் கொஞ்ச நாள் ஆகும்? நீங்கள் கச்சேரி முடிந்து எட்டு நாள் கழித்து, பதுளையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏன் உங்களோடு வரவில்லை? அவர் கையால் ஒரு வரிகூட இல்லையே.

திருவிழாவுக்குக் கொடியேற இருபது நாள்தான் இருக்கிறது. பங்காளி இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

பரிமளம்

*

பதுளை
1912 மார்ச் 20

பரிமளத்துக்கு,

சளி போய்விட்டது. மழையும் நின்றுவிட்டது.

கங்காணிக்குக் கொஞ்சம் கோபம். அது ஆறும். தோட்டத்தில் வேலை அதிகமாக இருக்கும் நேரம், அதனால் பெயர் வெட்டுவது தள்ளிப்போகிறது. மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உப்பு, மிளகாய், கருவாடு எல்லாம் வண்டியில் அனுப்பிவைக்கிறேன்.

பங்குனி முறைக்கு இந்த ஒரு வருஷம் வேறு ஆளை நிறுத்து. ஒரு வருஷத்தில் ஒன்றும் முழுகிவிடாது.

ராமநாதன் கடையில் என் கச்சேரியைப் பற்றிப் பேச்சு நடக்கிறதாம். மழைக்குக் கச்சேரி நடந்தது என்கிறார்களாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

சடையப்பன்

*

கூனக்கல் தோட்டம், மடுல்சீமை
1912 ஏப்ரல் 14

பரிமளம்,

நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். பாறூக் நானாவின் வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மச்சானுக்குத் தெரிய வேண்டாம்.

மாலை போட்ட மறுநாள் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் என் பெயரையும் கூப்பிட்டார்கள். நான் போய்க் கங்காணியிடம் கேட்டேன். "என் தகரத்துல வந்த பயலுக்கு எனக்கு முன்னால மாலையா? என் கீழ இருக்குற அறுநூறு பேரு பாத்தானுங்களே. நாளைக்கு எவன் எனக்குப் பயப்படுவான்? போ, மம்பட்டிய எடு" என்றார். துரையிடம் போனால், கூலியில்லாதவன் கூலி என்று பொய் சொல்லித் தகரத்தில் வந்தது குற்றம் என்று என்னைத்தான் உள்ளே போடுவார்களாம். வண்டிக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்.

தேயிலைக்கு நடுவில் தண்ணீர் போகக் கான் வெட்டுகிற வேலை. மலைச்சரிவு, கல் அதிகம். விரல் காலையில் மடங்கினால் விரிய நேரமாகிறது. வெந்நீரில் வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லயத்தில் வாசிக்கச் சொல்லிக் கூடிவிடுகிறார்கள். விடாமல் வாசித்தால் கை தங்கும் என்று வாசிக்கிறேன்.

மச்சானைக் குறை சொல்லி எழுதாதே. பத்து வருஷத்தில் அவர் எனக்குச் செய்த ஒரே மரியாதை அது. அந்த நேரத்தில் எனக்கும் கங்காணி ஞாபகம் வரவில்லை.

சாமிக்கண்ணு

*

முசிறி
1912 மே 9

அண்ணனுக்கு,

இங்கே நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

எனக்கு எல்லாம் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். பங்குனி முறை போய்விட்டது. பங்காளி மகன் வாசித்தான். அதைக்கூட விடுங்கள்.

கங்காணிக்கு வேண்டியது ஒரு மாலை. அதைப் போட்டுவிட்டு அவரை மீட்டுக் கொண்டுவாருங்கள். நீங்கள் கேட்டு அவர் மறுக்கவில்லை. தகரத்தைக் கயிற்றில் கோத்துக் கட்டியது நான். ஒரு மாலைக்காக அவர் விரல் கல்லில் தேய்கிறது, அண்ணே. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

உங்களிடம் நான் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

பரிமளம்

*

பதுளை
1912 ஜூன் 23

பரிமளத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. போன மாதம் இருபத்தைந்து மைல் நடந்து கூனக்கல் போனேன். கங்காணி தன் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. "வாங்க பிள்ளை. பெரட்டுக் களத்துல, ஆளுக எல்லாம் பாக்க, எனக்கு ஒரு மாலை போட்டு, அன்னைக்குச் செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த நிமிஷம் உங்க மாப்பிள்ளை பேர வெட்டுறேன்" என்றார்.

மாலை போடுகிறேன், தப்பு என்று சொல்லமாட்டேன் என்றேன். "அப்ப மாலையும் வேணாம்" என்றார். திரும்பி நடந்துவிட்டேன்.

பாறூக் நானா என்னைத் திட்டுகிறார். "என்ன பிள்ளை இது! தப்புன்னு ஒரு சொல்லு சொன்னா நாக்கு தேஞ்சா போயிரும்? யாவாரத்துல ஒரு நாளைக்கு நூறு பொய் சொல்றோமே, அதுல ஒண்ணா சேத்துக்கங்களேன்" என்கிறார். கடையில் சொல்வது வேறு, இது வேறு என்றேன்.

நான் வாழ்க்கையில் செய்த காரியங்களில் சந்தேகமில்லாமல் சரியென்று சொல்லக்கூடியது அந்த மாலை ஒன்றுதான். அது போய்ச் சேர வேண்டிய கழுத்தில் சேர்ந்தது. அறுநூறு பேர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் முன்னாலேயே நின்று அதைத் தப்பு என்று சொன்னால் மாப்பிள்ளைக்குத்தானே அவமானம்? நீ யோசித்துப் பார்.

கங்காணியின் கோபம் எத்தனை நாளைக்கு? பொறுத்துக்கொள். நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சடையப்பன்

*

கூனக்கல் தோட்டம், மடுல்சீமை
1912 செப்டம்பர் 15

அண்ணனுக்கு,

மேலே எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. சந்திரகாந்தியை அவர் அக்காளிடம் விட்டிருக்கிறேன்.

ஆள் பிடிக்க இந்தத் தோட்டத்திலிருந்து ஊருக்கு வந்தவரிடம் நானே போய்த் தகரம் கேட்டு வாங்கினேன். எண் மட்டும் வேறு, நீங்கள் அனுப்பியதைப் போன்றதேதான். முகாமில் புருஷன் பெயர் கேட்டார்கள். வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டினேன். "எழுதத் தெரிஞ்ச கூலிக்காரியா!" என்று குமாஸ்தா பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். என் மூட்டையையும் ஆவியில் வைத்தார்கள். கெட்டுப்போக என்னிடம் ஒன்றும் இல்லை.

பதுளை வழியாகத்தான் நடத்திக் கூட்டி வந்தார்கள். கடைவீதியில் உங்கள் கடை திறந்திருந்தது. நீங்கள் யாருக்கோ உப்பு நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். வரிசையை விட்டு விலகக் கூடாது என்றார்கள். நானும் விலகவில்லை.

கொழுந்து எடுக்கப் பழகிக்கொண்டேன். அவர் இருக்கிறார். இந்தக் கடிதத்தில் அவர் எழுத்து ஏன் இல்லை என்று கேட்க வேண்டாம். நீங்கள் இங்கே வர வேண்டியதும் இல்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிமளம்

*

பதுளை
1913 ஜனவரி 19

பரிமளத்துக்கு,

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். இரண்டு தடவை பசறை வரைக்கும் நடந்து வந்து திரும்பிவிட்டேன். முழங்கால் என்று வைத்துக்கொள்.

அன்று என் கடை வாசலைத் தாண்டிப் போனாய் என்று எழுதியிருக்கிறாய். புது ஆட்கள் போவதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. முகங்களைப் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பதில்லை.

இப்போது நல்ல சேதி. பாறூக் நானாவைக் கங்காணியிடம் தூது அனுப்பினேன். வருகிற பெப்ரவரி பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அதே மடுவத்தில் மறுபடி கச்சேரி. அதே பாடகர், அதே பிடில். முதல் மாலை கங்காணிக்கு என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தப்பு என்ற சொல்லை எழுதவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை. "பழசு எதுக்கு நானா. ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு வாசிச்ச மாதிரியே சாமிக்கண்ணு வாசிக்கணும். வாசிச்சு முடிச்சதும் ரெண்டு பேரு பேரையும் வெட்டித் தாறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மனுஷன் மனம் இளகிவிட்டது என்கிறார் பாறூக் நானா.

நான் அனுப்பும் புதுத்தோலை மாப்பிள்ளையிடம் கொடு. வலந்தலைக்குப் போட்டு இப்போதிருந்தே பழக்கட்டும். மழை வந்தாலும் பரவாயில்லை. போன தடவை பார்த்தோமே.

இரண்டு பேரையும் என் வீட்டுக்கு அழைத்து வந்து ஒரு வாரம் வைத்திருந்து கப்பலேற்றுகிறேன். இந்தத் தடவை சொன்ன சொல் தவறாது.

அண்ணன்
சடையப்பன்

*

கூனக்கல் தோட்டம்
1913 ஜனவரி 26

அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் தோலும் வந்து சேர்ந்தன. வண்டிக்காரர் நிற்கிறார், சுருக்கமாக எழுதுகிறேன்.

போன ஜூன் மாதம் எனக்குக் கடிதம் எழுதினீர்கள், பொறுத்துக்கொள் என்று. அதற்குப் பத்தாம் நாள், கான் வெட்டும்போது மேலேயிருந்து சரிந்த கல் அவர் வலது கையில் விழுந்தது. மூன்று விரல் உள்ளே மடங்கியபடியே நின்றுவிட்டன. விரிவதில்லை. ஆள் பிடிக்க வந்தவர் சொல்லி ஊரில் கேள்விப்பட்டுத்தான் நான் தகரம் வாங்கினேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் என்னிடமும் வண்டிக்காரரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். மச்சான் அந்த மாலையை நினைத்து வருத்தப்படுவார் என்றார்.

கல் விழுந்தபோது பக்கத்தில் நின்றவர் கங்காணிதான். தலைப்பாகையைக் கிழித்து அவரே கையில் கட்டுப் போட்டிருக்கிறார். ஆகவே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

கச்சேரியை நிறுத்த வேண்டாம். பாடகரை வரச் சொல்லிவிட்டீர்கள், மக்களும் எதிர்பார்க்கிறார்கள். முதல் மாலையை எழுதிக் கொடுத்தபடியே போடுங்கள். நானும் இருப்பேன். கொழுந்து நிறுக்கிற இடம்தானே, எனக்குப் பழகிய இடம். கூடையோடு நிற்கிறவர்களின் முகத்தையும் இந்தத் தடவை பாருங்கள்.

போன வருஷத்து மாலையின் நார் அவரிடம் இருக்கிறது. மிருதங்கத்து வாரில் சுற்றி வைத்திருக்கிறார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடது கையால் வாசிக்கிறார். இடந்தலை மட்டும் கேட்கிறது. வலந்தலை கேட்க வேண்டிய இடத்தில் எல்லாரும் அசையாமல் இருந்து, அது போன பிறகு, அடுத்த இடது அடிக்குத் தலையை ஆட்டுகிறார்கள்.

பரிமளம்